இரண்டு பாளிக்கும் ஒரே சீருடை

காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே ஆயத்தம் தொடங்கிவிடும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, நாளைக்கு வேண்டியதைக் கட்டில்மேல் வரிசையாக எடுத்து வைப்பேன். வெளிர் சாம்பல் நிறத்தில் பேன்ட், அதே நிறத்தில் சட்டை. மெரூன் நிறத்தில் முட்டிக்கு மேல் நிற்கும் இறுக்கமான ஷார்ட்ஸ் இரண்டு. நீளமான நாப்கின் ஆறு. பழைய பருத்தித் துப்பட்டா ஒன்று. ஜிப் வைத்த சின்னப் பை. செய்தித்தாள் நாலு தாள்.

புனே பக்கம் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் கிரிம்பிங் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். லைனில் பெரும்பாலும் பெண்கள். பீட், லாத்தூர், சோலாப்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நாலைந்து பேர். வந்த புதிதில் என்னைக் குழப்பிய மராத்திச் சொல் 'பாளி'. ராத்ரபாளி என்றால் ராத்திரி ஷிஃப்ட். மாசிக் பாளி என்றால் மாதவிடாய். "பாளி ஆலி" என்று ஒருத்தி சொன்னால், முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முறை, திருப்பம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளாம். முறைப்படி இரண்டும் வரும். வரும் நாளில் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியது அந்த ஒரு பேன்ட்தான்.

நம் ஊரில் அளவுக்கு மீறிப் போவதற்குப் 'பெரும்பாடு' என்று பெயர். எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். முப்பத்து நாலு வயதில் அது எனக்கு வந்தது. அடுத்த மூன்று வருஷம் அந்தப் பேன்டில் ஒரு சொட்டு தெரியாமல் எப்படி வேலை பார்த்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். எனக்கு அக்காமார் சொல்லிக் கொடுத்ததும் நானே பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் கலந்திருக்கும்.

உள்ளாடையில் தொடங்க வேண்டும். எலாஸ்டிக் தளர்ந்ததை அந்த நாட்களுக்கு எடுக்கவே கூடாது; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாப்கினும் அதில் நகர்ந்துவிடும். பயத்தில் இரண்டு நாப்கினை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறோம் இல்லையா, அது வீண். மேலே இருப்பதன் அடியில் பிளாஸ்டிக் ஏடு இருக்கிறது. அது நிறைந்தால் கீழே இறங்காது, இரண்டு பக்கமும் தொடை வழியாகத்தான் வழியும். ஒன்றை முன்னால் தள்ளி, இன்னொன்றைப் பின்னால் இழுத்து, நடுவில் நாலு விரல் அகலம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ஒட்ட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பின்பக்கம் கூடுதலாக விட வேண்டும். ஹார்னஸ் போர்டில் நின்று வயர் போடுகிறவர்களுக்கு நடுவில் கனம் இருந்தால் போதும். ராத்திரி ஷிஃப்டுக்கு, ஜட்டி மாதிரியே போட்டுக் கழற்றி எறிகிற நாப்கின் கடையில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகும். மற்ற நாட்களுக்கு ஜன் ஔஷதி கடையில் 2019-லிருந்து நாப்கின் ஒன்று ஒரு ரூபாய்க்குத் தருகிறார்கள்.

மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்குப் பாதிக் கவலை குறையும். சாதாரணமாக ஒரு கப் 25 முதல் 30 மில்லி வரை பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரம் வரை வைக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும். பெரும்பாடு உள்ளவளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. மூன்று, நாலு மணி நேரத்தில் எடுத்துக் கொட்ட வேண்டும். காப்பர்-டி போட்டிருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கப்பை எடுக்கும்போது காப்பர்-டியின் நூலும் சேர்ந்து வந்துவிடக் கூடும். கம்பெனிக் கழிப்பறையில் கைகழுவும் குழாய் கதவுக்கு வெளியேதான் இருக்கும். ஆகவே கப்பை அலச அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து ஷார்ட்ஸ். வெளிர் நிறத்துக்கு அடியில் கறுப்புப் போட்டால் கறை தெரியாது என்று நினைப்போம். கறுப்பு அப்படியே வெளியே தெரியும், டியூப்லைட் வெளிச்சத்தில் ஓரத் தையல்கூடத் தெரியும். வெள்ளைப் போட்டால் அதுவும் தெரியும். உடம்பு நிறத்தோடு ஒட்டிப்போகிற மெரூன்தான் வெளியிலும் தெரியாது, கறையையும் காட்டாது. இதைச் சொல்லித் தந்தவள் திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் என் நாத்தனார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே வேலையாக இருக்கிறவள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அரை டஜன் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் போட்டு முடித்ததும் மூன்று காரியம்: குந்தி உட்கார்ந்து எழு, குனிந்து தரையைத் தொடு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார். நாப்கின் நகருமென்றால் வீட்டிலேயே நகர்ந்துவிடும்.

லாண்டேவாடியில் கம்பெனி பஸ் ஏறும்போது துப்பட்டாவை நாலாக மடித்து சீட்டில் போட்டுத்தான் உட்காருவேன். சீட்டைப் பற்றிய கவலையைவிட, இறங்கும்போது துப்பட்டாவைப் பார்த்தால் பேன்ட் எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம்.

லைனில் ஏமாற்றுகிற நேரம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கும்போது ரத்தம் உள்ளே தேங்கும். ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். டீ பெல் அடித்ததும் எல்லோரும் எழுவது போல விருட்டென்று எழுந்தால் ஒரே கொட்டாகக் கொட்டும். நாப்கின் உறிஞ்சுவதற்கு நேரமே இருக்காது. எனவே அரைமணிக்கு ஒருமுறை டெர்மினல் ரீல் மாற்றுகிற சாக்கில் மெதுவாக எழுந்து நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் நாப்கின் தாங்கும். டீக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ரிலீவர் கேட்க வேண்டும். பெல் அடித்த பிறகு போனால் கழிப்பறை வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். இருபத்தைந்து பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது தொழிற்சாலை விதி. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வந்த கணக்கு அது. இருபத்தைந்தில் ஒருத்திக்கு உள்ளே பத்து நிமிஷம் தேவைப்படும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

லைன் லீடரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் இரண்டு வருஷம் சொல்லவில்லை. "தாயி, ஆஜ் மலா தர் தோன் தாஸானி ரிலீவர் பாஹிஜே." அக்கா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்றாள் வேண்டும், அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டாம், அவளும் கேட்க மாட்டாள். காரணம் கேட்கிறவனாக இருந்தால் "வயிறு சரியில்லை" என்பதற்குப் பதில் நேராகவே சொல்லுங்கள். வயிறு சரியில்லை என்றால் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருநாள் தவறியது. மழைக்காலம், இரண்டாம் ஷிஃப்ட். ரிலீவர் வரவில்லை, டார்கெட் பாக்கி இருந்தது, சூப்பர்வைசர் "இன்னும் பத்து நிமிஷம்" என்றார். நாற்பது நிமிஷம் ஆனது. ஸ்டூலின் ரெக்ஸின் ஈரமாகிவிட்டது தொடையில் தெரிந்தது. எழவே இல்லை. பக்கத்து மெஷினில் பீட் ஊர்க்காரப் பெண் ஒருத்தி; என் கை வேலை செய்யாமல் மடியில் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "காவ்ளா ஷிவ்லா?" என்று மெதுவாகக் கேட்டாள். காக்கா தொட்டுவிட்டதா என்று அர்த்தம். அங்கே வீடுகளில் தூரத்துக்கு வழங்குகிற பேச்சு. தன் மெஷினை ஆஃப் செய்தாள். என் பின்னால் ஒட்டி நின்றாள். "சல்" என்றாள். இரண்டு பேரும் ஒரே நிழலாக, அறுபது எட்டு, கழிப்பறை வரைக்கும் நடந்தோம். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. திரும்பிப் போனபோது ஸ்டூலைக் கழிவுப் பருத்தி வைத்து அவளே துடைத்திருந்தாள்.

அப்படி ஆகிவிட்டால் செய்ய வேண்டியது இது. பேன்டைக் கழற்றுங்கள். கறையைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எட்டணா அளவு உள்ளங்கை அளவாகும். துணியின் உள்பக்கத்தை மேலே திருப்பி, கறையின் பின்னாலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். வந்த வழியாகவே ரத்தம் வெளியே போக வேண்டும். பிறகு கொஞ்சம் கைகழுவும் சோப்பு, மறுபடி தண்ணீர். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் பாதி போய்விடும். கை உலர்த்தும் மெஷினில் காட்டவே காட்டாதீர்கள். சூடு பட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் முட்டை வேகிற மாதிரி இறுகி, நூலோடு பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு போட்டால் வெளிர் சாம்பலில் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். அதற்கு மாவ்ஷி, எங்கள் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவர், ஒரு வழி சொன்னார்: முன்பக்கமும் பக்கவாட்டிலும் தாராளமாக நனைத்துவிடு, குழாய் தெறித்துவிட்டது என்று சொல். அன்றைக்கு அப்படித்தான் லைனுக்குத் திரும்பினேன். அடுத்த வாரமே என் காசில் அதே துணி வாங்கி மூன்றாவது பேன்ட் தைத்து லாக்கரில் வைத்துவிட்டேன். கம்பெனி கொடுத்தது இரண்டு செட்தான்.

பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு வையுங்கள். புனேயில் குப்பை பிரிக்கும் 'ஸ்வச்ச்' கூட்டுறவுப் பெண்கள் கேட்டுக்கொண்ட வழக்கம் இது. எந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் ரத்தத்தை இன்னொரு பெண் வெறுங்கையால் தொடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் துவைக்க வேண்டும். காய்ந்தால் வேலை இரட்டிப்பு. பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியில் 2019 நவம்பரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று ஆனது. தண்ணீர் வராத நாளில் முழு பக்கெட் கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்புப் போட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் அமுக்கி அரைமணி வைப்பேன். பிறகு துவைக்கிற சோப்பை அதன்மேலேயே தேய்த்து, துணியோடு துணி உரசிக் கசக்க வேண்டும். பிரஷ் வேண்டாம், நூல் பஞ்சாகிவிடும். அப்படியும் போகாததற்கு மெடிக்கல் கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நாலு சொட்டு. நுரைத்துப் பொங்கும். அடங்கியதும் அலசிவிட வேண்டும், ஊறவிட்டால் சாயம் போகும். பழைய கறை துருப்பிடித்த மாதிரிப் பழுப்பாக நிற்பது ரத்தத்தில் இருக்கும் இரும்பினால். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் மங்கும். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது.

இப்படி மூன்று வருஷம். அந்த ஒரு நாளைத் தவிர யாரும் ஒரு சொட்டுப் பார்க்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ஐஸ் கட்டியை நறநறவென்று கடித்துத் தின்ன ஆசை வந்தது, கூந்தல் கொட்டியது. ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஒருநாள் ரத்ததான முகாம் போட்டார்கள். நானும் வரிசையில் நின்றேன். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறத் திரவம் இருந்த சின்னக் கண்ணாடிக் குடுவையில் விட்டாள் முகாமில் இருந்த பெண். அது மயில்துத்தக் கரைசல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு கனத்து நேராக அடியில் போய் உட்காரும். எனக்கு முன்னால் நின்றவன் சொட்டு கல் மாதிரி இறங்கியதைப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் இறங்கி, தயங்கி, திரும்ப மேலே வந்து மிதந்தது. அவள் இன்னொரு முறை குத்தினாள். அதுவும் மிதந்தது. "தாயி, நீங்கள் கொடுக்க வேண்டாம், உங்களுக்கே யாராவது கொடுக்க வேண்டும்போல" என்றாள். லேப்பில் பார்த்தபோது 7.1.

அந்த நீலக் குடுவைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. நான் கற்ற கைப்பக்குவம் அத்தனையும் ரத்தத்தை மற்றவர் கண்ணிலிருந்து மறைத்ததோடு நிற்கவில்லை, என் கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது. கறை விழவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று மாதாமாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். மேலே எழுதிய ஒவ்வொன்றையும் செய்யுங்கள். ஆனால் அதோடு இதையும் செய்யாவிட்டால் அவ்வளவும் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

ஒரு நோட்டு போடுங்கள். ரத்தப்போக்கை மதிப்பிட 1990-லிருந்து மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. பேனாவும் தாளும் போதும். லேசாகப் பட்ட நாப்கினுக்கு 1. பாதி நனைந்ததற்கு 5. முழுக்க நனைந்ததற்கு 20. சின்னக் கட்டி விழுந்தால் 1, பெரிய கட்டி என்றால் 5. கட்டுக்கடங்காமல் வழிந்து துணி நனைந்தால் இன்னொரு 5. ஒரு மாதவிடாய் முடிந்ததும் கூட்டுங்கள். நூறைத் தாண்டினால் அது பெரும்பாடு. முதல் மாதம் என் கூட்டுத்தொகை 312. கணக்கு எழுத முடியாதவர்கள் இதைப் பாருங்கள்: ஒன்றிரண்டு மணியில் நாப்கின் நிறைகிறதா, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறதா, ஏழு நாள் தாண்டுகிறதா, ராத்திரி மாற்றுவதற்கென்றே எழுந்திருக்கிறீர்களா. ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "நிறையப் போகுது" என்றால் இரும்பு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். 312 என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அதில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிஞ்ச்வட் மோகன் நகரில் அதன் மருத்துவமனை இருக்கிறது. போசரியிலேயே மாநகராட்சி மருத்துவமனையும் உண்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன், இந்த மூன்றையும் கேட்டு எடுக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குக் கருப்பையின் உள்படலத்திலும் சோதனை தேவைப்படலாம். எனக்கு ஃபைப்ராய்டு கட்டி. சிலருக்கு தைராய்டு, சிலருக்குக் காப்பர்-டி, சிலருக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாத கோளாறு.

போக்கு அதிகமான நாட்களில் மட்டும் சாப்பிட டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தார்கள். அதை டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிப் போடக் கூடாது. எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்களுக்கு அது ஆபத்து. கருப்பைக்குள் வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது. இரும்பு மாத்திரையை நான் முதலில் காலை டீயோடு போட்டேன், பிரயோஜனமே இல்லை. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு போட்டு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்த பிறகுதான் எண் ஏறத் தொடங்கியது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக் கூடாது, உடம்பின் சேமிப்பு நிரம்ப வேண்டும்.

"எதுக்கு இவ்வளவு பாடு, கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுடு" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. என் பின்னால் ஒட்டி நடந்தாளே, அவள் அம்மாவுக்கு எடுத்திருக்கிறார்கள். பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஒருநாள் வராவிட்டால் முகாதம் என்கிற மேஸ்திரி அபராதம் பிடிப்பார். 2019-ல் அரசு கணக்கெடுத்தபோது சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. அதே வருஷம் நம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைக் கம்பெனிகளில், வலி என்றதும் சூப்பர்வைசர்களே பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்த செய்தியும் வந்தது. இரண்டு இடத்திலும் வேலை நிற்கவில்லை. வேலை நிற்கக் கூடாது என்பதற்காக உடம்பில் கைவைத்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற எல்லாம் பார்த்துத் தீராதபோது அது கடைசி வழி. ஷிஃப்டுக்காக எடுக்க வேண்டிய முடிவு இல்லை.

பேன்டுக்கும் ஒரு வழி பண்ணினோம். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு மராத்தியில் ஒரு பக்கக் கடிதம். அழுக்கு உடனே கண்ணில் படட்டும் என்றுதான் வெளிர் நிறம் வைத்திருக்கிறார்கள் என்றால், மெஷினில் படுவது சட்டையின் கைதானே, பேன்ட் எதற்கு என்று கேட்டோம். விம்பிள்டன் டென்னிஸில் எல்லாமே வெள்ளை என்று இருந்த விதியைத் தளர்த்தி, 2023-லிருந்து பெண்கள் அடியில் கருநிற ஷார்ட்ஸ் போடலாம் என்று ஆக்கினார்கள். அதே வருஷம் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. மொபைலில் அந்தப் படங்களை எச்.ஆர். அறையில் காட்டினோம். பழைய ஸ்டாக் தீரட்டும் என்றார்கள். ஏழு மாதம் கழித்து கருநீலப் பேன்ட் வந்தது. சட்டை பழைய சாம்பல்தான்.

கருநீலம் போட்ட முதல் நாளும் ஸ்டூலிலிருந்து எழுந்ததும் கை தானாகப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது. போன மாதம் என் நோட்டில் கூட்டுத்தொகை 88.

இந்த வாரம் லாத்தூரிலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பத்தொன்பது வயது. டீ நேரத்தில் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் மிச்சமிருந்த புது மெரூன் ஷார்ட்ஸ் ஒன்றும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன். ஷார்ட்ஸை உடனே பைக்குள் திணித்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் என்ன எழுதணும் தாயி?" என்றாள். தேதி, எத்தனை மணிக்கு மாற்றினாய், எவ்வளவு நனைந்திருந்தது என்று சொல்லிக் கோடு போட்டுக் காட்டினேன். பெல் அடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அன்றைய தேதியைப் போட்டு, முதல் கட்டத்தில் 20 என்று எழுதினாள்.